அத்தியாயம் 6: மாநாட்டுக்கு நாள் குறித்தல்

டிசம்பரில் எங்கே மாநாடு நடக்கிறது என்று நவம்பரில் தேடுகிறவர் பார்வையாளராகப் போய் உட்காரலாம். கட்டுரை வாசிக்க முடியாது. கணினி அறிவியலில் நல்ல மாநாடுகளின் கதவு, அவை நடப்பதற்கு ஐந்தாறு மாதம் முன்பே சாத்தப்பட்டுவிடும். ஆகவே நடக்கும் தேதியை வைத்துத் தேடாதீர்கள். கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி எது என்று தேடுங்கள். முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு மண்டபம், சமையல், பத்திரிகை என்று பின்னோக்கி நாள் பிரிப்பதுபோலத்தான் இதுவும்.

முனைவர் பட்ட மாணவர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வு முடிவு ஒன்று கையில் இருக்கிறது, அல்லது இன்னும் சில மாதங்களில் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறேன். முடிவே இல்லாமல் மாநாடு தேடுகிறவர்களுக்கு இங்கே உதவி எதுவும் இல்லை.

கணிதமா, கணினியா?

இரண்டு துறைகளுக்கும் மாநாடு என்பது ஒரே பொருள் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் ஓர் ஆண்டை வீணாக்குகிறார்கள்.

கணிதத்தில் மதிப்பு ஆய்விதழுக்கு. மாநாட்டுக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பினால் போதும். பதினைந்து இருபது நிமிடம் பேசுவீர்கள். முழுக் கட்டுரையைப் பிறகு இதழுக்கு அனுப்புவீர்கள். 1907இல் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகமும், 1985இல் திருச்சியில் உருவான ராமானுஜன் கணிதக் கழகமும் நடத்தும் ஆண்டு மாநாடுகள் இந்த வகை. நான்காண்டுக்கு ஒருமுறை கூடும் உலகக் கணிதவியலாளர் மாநாடும் அப்படியே. 2010இல் ஹைதராபாத்தில் நடந்த அதற்கு, 2026இல் பிலடெல்பியாவில் ஜூலை 23 முதல் 30 வரை என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதன் பெரிய உரைகள் அழைப்பின் பேரில் மட்டுமே. குறும் உரைக்கும் போஸ்டருக்கும் மற்றவர்கள் விண்ணப்பிக்கலாம்.

கணினி அறிவியலில் நிலைமை தலைகீழ். மாநாட்டுக் கட்டுரையே அங்கே முதன்மை வெளியீடு. முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டும், மூன்று நான்கு பேர் படித்து மதிப்பிடுவார்கள், பெரும்பாலானவை திருப்பி அனுப்பப்படும்.

கணித மாணவர்களுக்கு என் தனிப்பட்ட கருத்து ஒன்று. முதல் இரண்டு ஆண்டுகளில் மாநாடுகளைவிடப் பயிலரங்குகளே அதிகம் பயன்தரும். தேசியக் கணித மையம் நடத்தும் பயிற்சிப் பள்ளிகள், பெங்களூரு ஐசிடிஎஸ் நிகழ்ச்சிகள், அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் தொடங்கிய ஐசிடிபியின் பள்ளிகள் ஆகியவற்றைப் பாருங்கள். தேர்வாகிறவர்களுக்குத் தங்கும் செலவையோ பயணச் செலவையோ ஏற்கும் நிகழ்ச்சிகள் இவற்றில் உண்டு. மாநாட்டில் நீங்கள் காசு கொடுத்துப் பதினைந்து நிமிடம் பேசுவீர்கள். பயிலரங்கிலோ துறையின் முன்னோடிகள் இரண்டு வாரம் உங்களுக்குப் பாடம் சொல்வார்கள்.

ஆண்டுச் சக்கரத்தை வரைந்துகொள்ளுங்கள்

பெரிய மாநாடுகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருகின்றன. சரியான நாள் மாறும், மாதம் அரிதாகவே மாறும். கோட்பாட்டுக் கணினியியலில் ஸ்டாக் மாநாட்டுக்கு நவம்பர் தொடக்கத்தில் கட்டுரை கேட்பார்கள், கூடுவது ஜூனில். ஃபாக்ஸ் மாநாட்டுக்கு ஏப்ரலில் அனுப்ப வேண்டும். ஐரோப்பாவின் இகால்ப் பிப்ரவரியில் வாங்கி ஜூலையில் கூடும். ஜனவரியில் கூடும் சோடாவுக்கு ஜூலையில் அனுப்ப வேண்டும். இயந்திரக் கற்றலில் ஐசிஎம்எல் ஜனவரிக் கடைசி, நியூரிப்ஸ் மே, ஐசிஎல்ஆர் செப்டம்பர் கடைசி.

நம் நாட்டில் முதலில் கவனிக்க வேண்டியது எஃப்எஸ்டிடிசிஎஸ். 1981இல் தொடங்கி ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கிறது. 2016இல் சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் 2022இல் சென்னை ஐஐடியிலும் நடந்தது. கட்டுரைக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் ஜூலையில் விழும். அடுத்தது 2015 முதல் நடக்கும் கால்டம். வரைபடக் கோட்பாடு, சேர்மானவியல், அல்காரிதம் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு அது பொருத்தமான இடம். பிப்ரவரியில் கூடும், கட்டுரையை முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் அனுப்ப வேண்டும்.

சக்கரத்தை வரையும் முறை:

1. உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுங்கள். அதில் எந்த மாநாட்டின் பெயர் அடிக்கடி வருகிறதோ அதுதான் உங்கள் மாநாடு. கூகுளில் தேடுவதைவிட இது நம்பகமான வழி.
2. அந்த மாநாடுகளில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று உங்கள் தகுதிக்கு மேலானது, ஒன்று நிகரானது, ஒன்று உறுதியாகக் கிடைக்கக்கூடியது.
3. ஒவ்வொன்றின் கடந்த இரண்டு ஆண்டுப் பக்கங்களைத் திறந்து கட்டுரைக் கடைசித் தேதி, முடிவு அறிவிக்கும் தேதி, இறுதிப் பிரதி தேதி, பதிவுத் தேதி என்று நான்கையும் குறியுங்கள். இந்த ஆண்டின் அறிவிப்பு வராவிட்டாலும் மாதம் பிடிபட்டுவிடும்.
4. மூன்றையும் ஒரு வரிசையில் வையுங்கள். முதலாவதன் முடிவு வந்த பிறகு இரண்டாவதன் கடைசித் தேதி வர வேண்டும். ஸ்டாக் முடிவு பிப்ரவரி முதற்பாதியில் வரும், இகால்ப் அதே மாதத்தில் வாங்கும். அதனால்தான் பலருடைய கட்டுரை அங்கிருந்து இங்கே வந்து சேர்கிறது.
5. முதல் கடைசித் தேதியிலிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணுங்கள். அன்றைக்கு எழுதத் தொடங்க வேண்டும். ஆய்வு நெறியாளர் படித்துத் திருத்த அதில் மூன்று வாரம் ஒதுக்குங்கள். அவர் ஒரே வாரம் போதும் என்பார், நம்ப வேண்டாம்.

எச்சரிக்கை: ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு மாநாடுகளுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு குழுவிலும் ஒரே மதிப்பீட்டாளர் இருப்பது அரிதல்ல. பிடிபட்டால் இரண்டு இடத்திலும் கட்டுரை போய்விடும், பெயரும் கெடும்.

போலிகளைத் தள்ளுங்கள்

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கும் மின்னஞ்சல் முதலாண்டு மாணவருக்கு வருகிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் போலியும் இத்தனை எளிதில் அகப்படுவதில்லை. நல்ல மாநாட்டின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்பவை உண்டு. ஒரே ஹோட்டலில் ஒரே நாளில் கணிதம், வேளாண்மை, செவிலியம் என்று பத்து 'சர்வதேச' மாநாடு நடத்துகிறவர்களும் உண்டு.

2005இல் எம்ஐடி மாணவர்கள் மூவர், பொருளற்ற கட்டுரைகளைத் தானாக எழுதித் தள்ளும் சைஜென் என்ற நிரலை உருவாக்கினார்கள். அது எழுதிய ஒரு கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. அதைச் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் 2014இல் ஸ்ப்ரிங்கரும் ஐஇஇஇயும் தங்கள் மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து இதே நிரல் எழுதிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்க வேண்டியிருந்தது. ஆகவே பெரிய பதிப்பகத்தின் பெயரோ ஸ்கோபஸ் முத்திரையோ மட்டும் சான்றாகாது. நம் கல்லூரிகளில் 'ஸ்கோபஸில் வருமா?' என்பதே முதலும் கடைசியுமான கேள்வியாகிவிட்டது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சோதிக்கும் வரிசை இது:

1. நிகழ்ச்சிக் குழுவில் இருக்கும் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய சொந்தப் பக்கங்களைப் பாருங்கள். உங்கள் துறையில் வேலை செய்கிறவர்களா? இந்த மாநாட்டைத் தங்கள் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறார்களா? போலிகள் கேட்காமலே பெயர் போடும்.
2. கணினியியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி தளத்தில் அந்த மாநாட்டின் முந்தைய ஆண்டுகளைத் தேடி இரண்டு கட்டுரைகளை உண்மையாகவே படியுங்கள். அவற்றின் பக்கத்தில் உங்கள் கட்டுரை இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா?
3. அட்டவணைப்படுத்தல் பற்றி அவர்கள் சொல்வதை ஸ்கோபஸ் பட்டியலிலேயே சரிபாருங்கள். 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்றால் இல்லை என்று பொருள்.
4. கோர் தரவரிசையில் ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று எதில் இருக்கிறது என்று பாருங்கள். அது கணினி மாநாடுகளுக்கான பட்டியல். கணித மாநாடுகளைத் தேடி அங்கே போகாதீர்கள்.

மூன்று நாளில் 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் வாங்க மாநாட்டுச் சான்றிதழ் கட்டாயம் என்று யாராவது சொன்னால் உங்கள் பல்கலைக்கழகத்தின் இன்றைய விதியை வாங்கிப் படியுங்கள். யுஜிசியின் 2016 விதிகள் இரண்டு மாநாட்டு வாசிப்புகளைக் கேட்டன. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று நிபந்தனை வைத்துக்கொள்ளலாம். அது வேறு.

அனுப்பும் வாரம்

1. மாநாடு கேட்கும் லேடெக் வார்ப்புருவை முதல் நாளே இறக்குங்கள். எழுத்தளவையும் ஓர இடைவெளியையும் தொடாதீர்கள். பக்கம் மிஞ்சினால் நிரூபணத்தைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள். பின்னிணைப்பைப் படிக்கும் கடமை மதிப்பீட்டாளருக்கு இல்லை என்பதை நினைவில் வைத்து, நிரூபணத்தின் மையக் கருத்தை முதல் பத்துப் பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள்.
2. சுருக்கத்துக்குத் தனிக் கடைசித் தேதி உண்டா என்று பாருங்கள். முழுக் கட்டுரைக்குச் சில நாள் முன்னதாக வரும் அதைத் தவறவிட்டால் முழுக் கட்டுரையை ஏற்ற முடியாது.
3. எழுதியவர் பெயர் மறைத்து அனுப்பும் மாநாடு என்றால் பெயரை மட்டும் நீக்கினால் போதாது. நன்றியுரை, நிதி எண், நிரல் வைத்திருக்கும் கிட்ஹப் முகவரி, பிடிஎஃப் கோப்பின் உட்தகவல் என்று நான்கு இடங்களில் அடையாளம் ஒளிந்திருக்கும். 'எங்கள் முந்தைய கட்டுரையில்' என்று எழுதாமல், மற்றவர் கட்டுரையைக் குறிப்பதுபோல உங்கள் கட்டுரையையும் பெயர் சொல்லிக் குறியுங்கள்.
4. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஒரு பிரதியை ஏற்றிவிடுங்கள். கட்டுரை வாங்கும் தளங்களான ஈசிசேர், ஹாட்சிஆர்பி, ஓப்பன்ரிவ்யூ எல்லாமே நேரம் முடியும்வரை பிரதியை மாற்ற விடும். ஓப்பன்ரிவ்யூவில் நிறுவன மின்னஞ்சல் இல்லாமல் கணக்குத் தொடங்கினால் அனுமதிக்கு நாள் பிடிக்கும். அதை இரண்டு வாரம் முன்பே முடியுங்கள்.

நேரக் குறிப்பு: கடைசித் தேதியுடன் 'ஏஓஈ' என்று போட்டிருந்தால், உலகின் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை அனுப்பலாம் என்று பொருள். ஏஓஈ இரவு 11:59 என்பது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மறுநாள் மாலை 5:29, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 7:59. மறுநாள் முழுதும் கையில் இருக்கிறதே என்று கடைசி மணிநேரம்வரை காத்திருக்காதீர்கள். நம்மூர் மின்வாரியத்துக்கு ஏஓஈ தெரியாது.

பெயர்: நமக்கே உரிய சிக்கல்

மற்ற நாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். மாநாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒருவர் ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்தை முன்னே போடுகிறார், அடுத்ததில் பின்னே போடுகிறார், மூன்றாவதில் அப்பா பெயரை விரித்து எழுதுகிறார். டிபிஎல்பியும் கூகுள் ஸ்காலரும் அவரை மூன்று பேராக்கிவிடும். இன்னொரு விபத்தும் நடக்கும். மகள் எழுதிய கட்டுரை உலகெங்கும் அப்பா பெயரில் மேற்கோள் காட்டப்படும்.

முதல் கட்டுரைக்கு முன்பே உட்கார்ந்து முடிவெடுங்கள்:

1. கட்டுரைகளில் எந்த வடிவம் என்று ஒன்றைத் தீர்மானித்து, கடைசிவரை மாற்றாதீர்கள். மேற்கோளில் எந்தப் பெயர் முன்னிற்க வேண்டுமோ அதைக் கடைசியில் வையுங்கள்.
2. ஆய்வாளர் அடையாளமான ஆர்கிட் எண் ஒன்றை எடுத்து, பெயரின் மற்ற வடிவங்களையும் அதில் சேருங்கள். இலவசம்தான்.
3. மாநாட்டுப் பதிவுப் படிவத்திலும் அழைப்புக் கடிதத்திலும் கட்டுரைப் பெயரைப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், கட்டுரையில் உள்ள பெயரும் இவரையே குறிக்கிறது என்று ஒரு வரி சேர்த்துத் தருமாறு அமைப்பாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆசிரியர் வரிசை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணிதத்திலும் கோட்பாட்டுக் கணினியியலிலும் பெயர்கள் அகரவரிசையில் வரும். இயந்திரக் கற்றலில் உழைப்பின் வரிசையில் வரும். முதல் பெயருக்கு மட்டும் மதிப்பெண் போடும் கல்லூரியில் நீங்கள் இருந்தால், துறை வழக்கத்தை விளக்கும் குறிப்பு ஒன்றை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

முடிவு வரும்போது

2014இல் நியூரிப்ஸ் மாநாடு, அன்றைய பெயரில் நிப்ஸ், 166 கட்டுரைகளை ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய கால்வாசிக் கட்டுரைகளில் ஒரு குழு ஏற்றதை மற்றது தள்ளியது. திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இதை ஒருமுறை படியுங்கள். பிறகு மதிப்பீட்டைத் திறந்து வேலையைப் பாருங்கள்.

முடிவுக்கு முன் பதில் எழுத வாய்ப்புத் தரும் மாநாடு என்றால் ஒரு நாள் ஆறப்போடுங்கள். முதலில், மதிப்பீட்டாளர் கணிதப் பிழை என்று சொல்வதற்குப் பதில் எழுதுங்கள். அதுதான் கட்டுரையைக் கொல்லும். அடுத்து, தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் பக்க எண்ணையும் வரியையும் காட்டுங்கள். நடை, எழுத்துப் பிழை பற்றியவற்றுக்கு 'திருத்திவிடுகிறோம்' என்ற ஒரு வரி போதும். அவர் படிக்கவில்லை என்று குற்றம் சாட்டுவதில் எந்தப் பயனும் இல்லை, அவர் உண்மையிலேயே படிக்காதிருந்தாலும்.

பணமும் பயணமும்

ஏற்புக் கடிதம் வந்த அன்றே ஐந்து வேலைகள் தொடங்கும். வரிசை மாறினால் பணம் போகும்.

1. ஒரு கட்டுரைக்கு ஓர் ஆசிரியராவது முழுக் கட்டணம் செலுத்த வேண்டுமா, மாணவர் கட்டணம் போதுமா என்று எழுதிக் கேளுங்கள். கட்டணம் வராத கட்டுரையைத் தொகுப்பிலிருந்தே நீக்கும் மாநாடுகள் உண்டு. திறந்த அணுக்க வெளியீட்டுக் கட்டணம் தனியாக உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஏசிஎம் 2026 முதல் முழுக்கத் திறந்த அணுக்கத்துக்கு மாறியிருப்பதால் இது முக்கியம். கட்டண விலக்குக்கு வாய்ப்பிருந்தால் முதலிலேயே கோர வேண்டும்.
2. உதவித்தொகைக்கு ஒரே நேரத்தில் பல இடங்களில் விண்ணப்பியுங்கள். மாநாட்டின் சொந்த மாணவர் நிதி, கணினியியலாருக்கு ஏசிஎம் இந்தியாவும் ஐஏஆர்சிஎஸும் சேர்ந்து தரும் பயண உதவி, செர்ப் இருந்த இடத்தில் வந்திருக்கும் ஏஎன்ஆர்எஃப், சிஎஸ்ஐஆர், கணிதத்துக்கு என்பிஎச்எம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். இரண்டு இடத்தில் கிடைத்தால் மறைக்காமல் இருவருக்கும் தெரிவியுங்கள்.
3. விசாவுக்கான அழைப்புக் கடிதத்தைக் கேளுங்கள். உங்கள் கட்டுரைத் தலைப்பும், செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.
4. விசாவுக்கு விண்ணப்பியுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் என்பது விதி. கூட்ட நேரத்தில் நீளும். 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். அமெரிக்க விசா நேர்காணலுக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடுவதுண்டு. அந்நாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும்போதே காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ இந்திய மாநாட்டுக்கு வருகிறவர்கள் சுற்றுலா விசாவில் வராதீர்கள். மாநாட்டு விசா என்று தனி வகை இருக்கிறது.
5. விசா கையில் வந்த பிறகே திருப்பித் தர முடியாத டிக்கெட் வாங்குங்கள். செலவு அரசுப் பணம் என்றால், பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகியவற்றில் ஒன்றின் வழியாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பதில் உங்களுக்குப் பிடிக்காது.

பாதுகாப்பு: நிகழ்ச்சிநிரலில் உங்கள் பெயர் வந்ததும், 'மாநாட்டின் தங்குமிடப் பிரிவிலிருந்து பேசுகிறோம், அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன' என்று தொலைபேசியோ மின்னஞ்சலோ வரலாம். அட்டை எண் கேட்டால் வைத்துவிடுங்கள். அறை ஏற்பாடு எதுவும் மாநாட்டின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் இணைப்பு வழியாக மட்டும்.

மேடையில்

ஸ்லைடு தயாரிப்புக்கு எட்டாம் அத்தியாயம் இருக்கிறது. இங்கே மூன்று குறிப்புகள் மட்டும். இருபது நிமிடத்தில் ஒரு தேற்றம்தான் சொல்ல முடியும். இரண்டாவதைக் கட்டுரையில் படிக்கட்டும். நிரூபணத்துக்குப் பதிலாகச் சின்ன எடுத்துக்காட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். கேள்வி புரியாவிட்டால் 'இதைத்தான் கேட்கிறீர்களா?' என்று திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். புரியாத கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அது கௌரவம்.

தேநீர் இடைவேளையில் ஊர்க்காரர்களோடு மட்டும் நிற்காதீர்கள். போவதற்கு முன்பே, யாருடைய கட்டுரையைப் படித்திருக்கிறீர்களோ அவர்களில் மூன்று பேரைக் குறித்துவைத்து, ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்.

திரும்பிய வாரத்தில்

1. போர்டிங் பாஸ், பதிவு ரசீது, பங்கேற்புச் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் செய்து கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். போர்டிங் பாஸ் இல்லாத பயணச் செலவைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.
2. பக்கக் கட்டுப்பாட்டால் விட்டுப்போன நிரூபணங்களைச் சேர்த்து முழுப் பிரதியை ஆர்க்கைவில் ஏற்றுங்கள். பதிப்பகத்தின் காப்புரிமை விதி எந்தப் பிரதியை ஏற்ற அனுமதிக்கிறது என்று முன்னதாகப் பாருங்கள்.
3. ஆய்விதழுக்கு அனுப்பும்போது, மாநாட்டில் வந்த பிரதி இது என்றும் புதிதாகச் சேர்த்தவை இவை என்றும் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்பது இதழுக்கு இதழ் மாறும். அனுப்பும் இதழின் விதியைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.